தூர்வாருவது சரி, சேற்றை எங்கே புதைப்பது?

அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் ஹூசடானிக் ஆற்றைத் தூர்வாரி, அந்தச் சேற்றில் பெரும்பகுதியை லீ என்ற சிற்றூரிலேயே புதைக்கப் போகிறார்கள். இதைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, அதை எதிர்க்கும் ஊர்க்காரர்களை ஆறு சுத்தமாவதை விரும்பாதவர்கள் போலக் காட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

தூர்வாரத்தான் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. அதே ஆற்றங்கரையிலுள்ள பிட்ஸ்ஃபீல்டு நகரில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆலை டிரான்ஸ்ஃபார்மர்களுக்குப் பயன்படுத்திய பிசிபி என்ற நச்சு ரசாயனம், மாவு போன்ற வண்டலில் ஒட்டிக்கொண்டு இன்னும் கிடக்கிறது. வண்டலில் வாழும் புழுவை மீன் தின்னும், அந்த மீனைப் பெரிய மீன் தின்னும். ஒவ்வொரு படியிலும் விஷம் கொழுப்பில் சேர்ந்துகொண்டே போகும். தானாகக் கரைந்து போகிற சரக்கு இல்லை அது.

ஆனால் இதே பிசிபிக்காக நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஆற்றில் 2009 முதல் 2015 வரை தோண்டியபோது, சேற்றைத் தண்ணீர் வடியப் பிழிந்து ரயிலில் ஏற்றி வெளிமாநிலங்களுக்கு அனுப்பினார்களே. லீ மக்கள் கேட்பதும் அதைத்தான். அரசின் சுற்றுச்சூழல் முகமையும் ஜெனரல் எலக்ட்ரிக்கும் ஆற்றங்கரை ஊர் நிர்வாகங்களும் செய்துகொண்ட 2020 உடன்பாட்டின்படி விஷம் அதிகமுள்ள சேறு வெளியே போகும், குறைவானது ஊரில் தங்கும். இதை மூடிய அறையில் பேசி முடித்துவிட்டு ஊருக்குச் சொன்னார்கள். கோபம் வராமல் என்ன செய்யும்?

புதைகுழியின் அடியில் விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பு என்றைக்காவது கிழியும். அப்போது கசிவை யார், எத்தனை வருடம் பார்த்துக்கொள்வார்கள் என்பதை இப்போதே எழுதிக் கொடுக்கட்டும். நிலத்தடி நீரைச் சோதிக்கும் கண்காணிப்புக் கிணறுகளின் அளவீடுகளும் ஊர்மக்கள் கைக்கு நேரடியாக வரவேண்டும்.