படுத்திருந்தால் மட்டும் போதாது
நாள் முந்தி வலி வந்தால் அசையாமல் படுத்திருந்தாலே பிரசவம் தள்ளிப்போகும் என்று குறைமாதப் பிரசவம் பற்றிய இந்தக் கட்டுரையில் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை, அதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. என் மகளுக்குக் கர்ப்பத்தின் 30ஆம் கிழமையில் வலி தொடங்கியபோது இதே பேச்சை நம்பி மூதூரில் வீட்டிலேயே அரை நாளை விட்டுவிட்டோம், திருகோணமலைக்குக் கொண்டுபோன பிறகுதான் நிஃபெடிபின் குளிசை கொடுத்து வலியை அடக்கி, பிள்ளையின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். அந்தக் குளிசை கொடுப்பது, ஊசி வேலை செய்ய 48 மணித்தியாலம் கிடைக்கத்தான், பிரசவத்தை ஒரேயடியாக நிறுத்த அல்ல. மேலே கருத்து எழுதிய தங்கச்சி, இரண்டு மாதம் முந்திப் பிறந்த உங்கள் பிள்ளை 8 மாதத்தில் உட்காரவில்லை என்று பயப்படாதீர்கள், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணினால் 6 மாதம்தானே, ஆனால் கண் பரிசோதனையையும் கிளினிக்கையும் தவறவிடாதீர்கள்.