ஸ்கொயர் அண்ட் சர்க்கிள்: சைனாடவுன் பெண்களின் நூறாண்டுச் சங்கம்

சான் பிரான்சிஸ்கோ சைனாடவுனைப் பற்றிய எந்த வரலாற்றைப் புரட்டினாலும் ஆண்களின் சங்கங்கள்தான் வரிசைகட்டி நிற்கின்றன. ஊர்வாரியாக ஒன்று, குலவாரியாக ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே அவற்றின் கூட்டமைப்பான ‘ஆறு கம்பெனிகள்’. பெண்களின் கிளப் என்று வந்தால் ஒரு குழுப்படம், அதன் கீழே ‘டீ பார்ட்டி, நடனம், நற்பணி’ என்று ஒரு வரி. இது பெரிய அநியாயம் என்பது என் கருத்து. 1924-ல் ஏழு இளம்பெண்கள் சேர்ந்து தொடங்கிய ஸ்கொயர் அண்ட் சர்க்கிள் கிளப்பை நற்பணிக் குழு என்று ஓரங்கட்டினால் அந்தத் தெருக்களின் அரசியலே பாதிதான் புரியும்.

முதலில் காலத்தைப் பார்க்க வேண்டும். 1882-ல் வந்த சீனர் விலக்குச் சட்டம் சீனக் கூலித் தொழிலாளர்கள் வருவதைத் தடுத்தது. ஏற்கெனவே இருந்தவர்கள் குடியுரிமை பெறவும் வழியில்லை. 1920-ல் அமெரிக்கச் சீனர்களில் ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய ஏழு ஆண்கள். கிளப் தொடங்கிய அதே ஆண்டு மே 26 அன்று கையெழுத்தான குடியேற்றச் சட்டம், அமெரிக்கக் குடிமகனாக இருக்கும் சீனர்கூடத் தன் மனைவியைச் சீனாவிலிருந்து அழைத்துவர முடியாதபடி கதவைச் சாத்தியது. ஆக, சைனாடவுனில் பிறந்து வளர்ந்த பெண்பிள்ளைகள் எண்ணிக்கையில் கொஞ்சம் பேர், கட்டுக்காவல் அதிகம். பகலில் பள்ளி, மாலையில் சீனப் பள்ளி, இடையில் வீட்டு வேலை, தையல். அதைத் தாண்டிப் பெற்றோர் தயங்காமல் அனுப்பிய இடங்கள் இரண்டு: சர்ச், 1916-ல் சீனப் பெண்களுக்கெனத் தனியாகத் தொடங்கிய வை.டபிள்யூ.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளம்பெண்கள் சங்கம். பெரியவர்கள் யாராவது கூடவே இருப்பார்கள், இருட்டுவதற்குள் பிள்ளை வீடு திரும்பிவிடும் என்ற நம்பிக்கைதான் காரணம். (அந்த வை.டபிள்யூ.சி.ஏ.வுக்காக 1932-ல் ஜூலியா மார்கன் வடிவமைத்த கட்டடம் கிளே தெருவில் இன்றும் நிற்கிறது. இப்போது அது சீன அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம்.)

இந்த ஏழு பேரும் சர்ச் வழியே சேர்ந்தவர்கள்தான். சீனாவில் வெள்ளமும் பஞ்சமும் என்று செய்தி வந்தது, ஏதாவது செய்ய வேண்டும் என்று கூடினார்கள். பெயரை நடுவில் சதுர ஓட்டை போட்ட பழைய சீன வட்டக் காசிலிருந்து எடுத்தார்கள்: செயலில் சதுரம்போல் நேர்மை, அறிவில் வட்டம்போல் முழுமை. முதல் தலைவர் ஆலிஸ் ஃபாங். 1926-ல் சான் பிரான்சிஸ்கோ அரசுப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த முதல் சீன அமெரிக்க ஆசிரியை இவர்தான். சேர்ந்த இடம் காமடோர் ஸ்டாக்டன் பள்ளி. மேமி டேப் என்ற சீனச் சிறுமியைச் சேர்க்க மறுத்து, வழக்கில் தோற்ற பிறகு, 1885-ல் சீனப் பிள்ளைகளுக்கென்று நகரம் பிரித்துவைத்த பள்ளியின் வழியில் வந்தது அது.

பஞ்ச நிவாரணத்துக்கு அவர்கள் பணம் திரட்டிய விதத்தைத்தான் ‘டீ பார்ட்டி’க்காரர்கள் கவனிக்க வேண்டும். ஒரு நடன நிகழ்ச்சி, கூடவே ‘ஹோப் செஸ்ட்’ குலுக்கல். ஹோப் செஸ்ட் என்பது நம் ஊர்ச் சீர்ப்பெட்டி மாதிரி. கல்யாணத்துக்கு முன்பே பெண் தனக்கென்று சேர்த்துவைக்கும் விரிப்பு, தலையணை உறை, மேசைத்துணி, பூவேலை செய்த கைக்குட்டை எல்லாம் அடங்கிய மரப்பெட்டி. பூச்சி அரிக்காது என்பதால் பெரும்பாலும் தேவதாரு மரத்தில் செய்வார்கள். நடனத்தையும் குலுக்கலையும் ஒன்றாக வைப்பதில் நல்ல கணக்கு இருக்கிறது. நடனத்துக்கு மண்டப வாடகை, இசைக்குழுவின் கூலி என்று செலவு முன்கூட்டியே நிற்கும். பத்துப் பேர் வந்தாலும் அதே செலவு, இருநூறு பேர் வந்தாலும் அதேதான். குலுக்கலுக்கோ துணியும் நூலும் உழைப்பும் கையிலிருந்தே வந்துவிட்டால் செலவு சொற்பம். ஆக, நுழைவுச் சீட்டு மண்டபத்துக்குப் போகும், குலுக்கல் சீட்டு அப்படியே நிவாரணத்துக்குப் போகும். பரிசுப் பொருளைக் கடையில் காசு கொடுத்து வாங்கினால் இந்தக் கணக்கு உடைந்துபோகும்.

குலுக்கலில் வழக்கமாகக் குழப்பம் வருவது சீட்டுப் புத்தகத்தில்தான். யாரிடம் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை கொடுத்தோம் என்று எழுதிவைக்காமல் கொடுத்துவிடுவார்கள். விற்றவர் பணத்தைத் தருவார், அடிக்கட்டையைத் தர மறப்பார். அடிக்கட்டை இல்லாத சீட்டு பெட்டிக்குள் விழாது, வாங்கியவர் சண்டைக்கு வருவார். கொடுத்த சீட்டு என்பது விற்ற அடிக்கட்டையும் விற்காத சீட்டும் சேர்ந்த எண்ணிக்கை. வந்த பணமும் விற்ற அடிக்கட்டையும் ஒத்துப்போக வேண்டும். இதைப் பிசகாமல் செய்யத் தெரிந்த பெண், அடுத்த ஆண்டு எந்தக் கமிட்டியிலும் பொருளாளராக உட்காரலாம். தொடக்கக் காலப் பெண்கள் சங்கங்கள் பெண்களுக்குக் கொடுத்த உண்மையான படிப்பு இது. கல்லூரி முடித்த சீனப் பெண்ணுக்கே வெளியே லிஃப்ட் இயக்கும் வேலையும் கடையில் விற்பனைப் பெண் வேலையும்தான் கிடைத்துக்கொண்டிருந்த காலம் அது. கணக்கு எழுத, தீர்மானம் முன்மொழிய, மேடையில் நின்று பேச அவர்களுக்கு வேறு இடம் ஏது?

யாரும் போதுமான அளவு சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. அமெரிக்க மண்ணில் பிறந்தவர் குடிமகன்தான் என்று 1898-ல் வோங் கிம் ஆர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கலிஃபோர்னியாவில் பெண்களுக்கு 1911-லேயே வாக்குரிமை வந்துவிட்டது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அப்பா 30 வருடம் கடை நடத்தியிருப்பார், ஓட்டு கிடையாது. அம்மாவுக்கும் கிடையாது. அங்கேயே பிறந்து 21 வயதான மகளுக்கு ஓட்டு உண்டு! அதனால்தான் இந்தக் கிளப் பெண்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதினால் அதற்கு எடை இருந்தது. வாக்காளர் பதிவு, குடியிருப்பு, விளையாட்டுத் திடல் என்று அவர்கள் விடாமல் எழுதியதும் இந்தப் பலத்தில்தான். அந்தப் பலமும் கெட்டியானதல்ல. 1922-ன் கேபிள் சட்டப்படி, குடியுரிமை பெற முடியாத வெளிநாட்டவரை மணந்தால் அந்தப் பெண்ணின் குடியுரிமையே போய்விடும். சீனாவில் பிறந்த மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டினால் ஓட்டு போச்சு. 1931-ல் திருத்தம் வரும்வரை இந்த நிலைமைதான்.

1937-ல் சீனா மீது ஜப்பான் முழுப்போர் தொடுத்ததும் கிளப்பின் வேலை வேறு வேகம் எடுத்தது. பட்டுக் காலுறைப் புறக்கணிப்பு அதில் முக்கியமானது. அமெரிக்கா வாங்கிய கச்சாப் பட்டில் மிகப் பெரும்பகுதி ஜப்பானிலிருந்து வந்தது, அந்தப் பணத்தில் ஜப்பான் பழைய இரும்பும் எண்ணெயும் வாங்கியது. ஆகவே பட்டை விட்டு ‘லைல்’ காலுறை. நீளமான பருத்தி இழையைச் சீவி, இறுக்கமாக முறுக்கி, மேலே நிற்கும் பஞ்சு மயிரைத் தீயில் பொசுக்கி எடுத்த நூல் அது. வழவழப்பாக இருக்கும், ஆனால் பட்டைவிடத் தடிப்பு, நாள் முழுக்கப் போட்டால் முட்டியில் தொளதொளக்கும். கடையில் நிற்கும் பெண்ணுக்கு அந்தக் காலத்தில் காலுறை கிட்டத்தட்ட சீருடை மாதிரி என்பதை நினைத்தால் இந்தத் தியாகம் சின்னது இல்லை. எதிர்ப்பும் வந்தது: பட்டுக் காலுறை பின்னும் அமெரிக்க ஆலைத் தொழிலாளர்கள், எங்கள் பிழைப்பு போகும் என்று எழுந்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. நைலான் காலுறை நாடு முழுக்க விற்பனைக்கு வந்தது 1940 மே 15 அன்றுதான். அதுவரை லைல்தான் கதி.

சீனாவின் போர் நிவாரணத்துக்குப் பணம் திரட்டும் ‘ரைஸ் போல்’ திருவிழாக்கள் 1938, 1940, 1941 என மூன்று முறை நடந்தன. ஏறக்குறைய நூறு பெண்கள் ஒரு பிரம்மாண்டமான சீனக் கொடியை நான்கு பக்கமும் விரித்துப் பிடித்து நடப்பார்கள். தெருவிலும் மாடியிலும் நிற்பவர்கள் அதில் காசை எறிவார்கள். மூன்றிலும் சேர்த்து 2,35,000 டாலர் அளவுக்குத் திரண்டது. இன்று எல்லாரும் பகிர்வது அந்தக் கொடிப் படத்தைத்தான். அதன் பின்னாலிருந்த 14 ஆண்டுப் பயிற்சியை யாரும் பகிர்வதில்லை.

குடியிருப்புப் போராட்டம் இன்னும் பொறுமை கேட்டது. ஒரே சமையலறையைப் பல குடும்பங்கள் பங்கிட்ட நெருக்கடியில் காசநோய் தாண்டவமாடியது. அரசு வீடு கட்டித் தர வேண்டும் என்று 1930-களில் எழுந்த குரல்களில் இந்தக் கிளப்பும் ஒன்று. திட்டம் ஒப்புதலாகியும் போர் குறுக்கே வந்தது. பிங் யுவான் குடியிருப்பு 234 வீடுகளுடன் திறந்தது 1951-ல்.

கிளப்பின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். இவர்கள் ஆங்கிலம் படித்த, அங்கேயே பிறந்த பெண்கள். 1938-ல் நேஷனல் டாலர் ஸ்டோர்ஸ் தையல் ஆலைத் தொழிலாளர்கள் 105 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதில் பெரும்பாலோர் சீனாவிலிருந்து வந்த பெண்கள். இரண்டும் அதே சில தெருக்களில் நடந்தவை. கிளப்பை மட்டும் வைத்துச் சைனாடவுன் பெண்கள் இப்படித்தான் என்று எழுதினால் அந்தத் தையல்காரிகளை மறுபடி ஒரு முறை மறைத்தவர்களாவோம்.

இப்படி ஒரு சங்கத்தில் இருந்த மூதாட்டியிடம், எந்தச் சமூகத்தவராக இருந்தாலும், பேட்டி எடுக்கப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: ‘அந்த நாட்கள் எப்படி இருந்தன’ என்று தொடங்காதீர்கள், எல்லாரும் ‘சந்தோஷமாக இருந்தோம்’ என்றுதான் சொல்வார்கள். சந்தா எவ்வளவு, பணம் யார் வீட்டில் இருந்தது, வங்கிக் கணக்கில் யார் கையெழுத்து, யாரைச் சேர்க்க மறுத்தீர்கள், எந்த அப்பா வந்து சத்தம் போட்டார், கல்யாணமானவர் தொடரலாமா என்று கேளுங்கள். நிகழ்ச்சிக் குறிப்பேடு, ரசீது, மீந்த குலுக்கல் சீட்டு எதுவும் குப்பை இல்லை. படங்களை ஸ்கேன் செய்யும்போது பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். பெயரும் தேதியும் பெரும்பாலும் அங்கேதான் எழுதியிருக்கும்.