பாலத்தை மூடச் சொல்பவரின் பக்கம் நிற்போம்

2022 கடைசியில் திருச்சி காவிரிப் பாலத்தைப் பராமரிப்பு வேலைக்காக மூடியபோது ஊரில் திட்டாதவர்கள் குறைவு. சிந்தாமணிக்கும் மாம்பழச்சாலைக்கும் நடுவில் இருப்பது ஓர் ஆறுதான். ஆனால் பஸ்ஸும் காரும் பைபாஸ் பாலம் வரை போய்ச் சுற்றி வர வேண்டியிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், ஸ்ரீரங்கத்தில் கடை வைத்திருப்பவர்கள் என்று எல்லோருக்கும் சிரமம். வைகுண்ட ஏகாதசிக்கும் திறக்கவில்லை. 2023 மார்ச்சில்தான் மறுபடி வண்டிகள் ஓடின. மக்கள் பட்ட எரிச்சலில் நியாயம் உண்டு. ஆனாலும் மூடியது சரியான முடிவு என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

1976இல் திறந்த பாலம் அது. உள்ளே செய்த வேலை என்னவென்று மேலே போகிறவர்களுக்குத் தெரியாது. தூணின் தலைக்கும் மேல்தளத்துக்கும் நடுவில் பேரிங் என்று ஒன்று இருக்கும். வெயிலில் தளம் நீளும், குளிரில் சுருங்கும். அந்த அசைவைத் தூணுக்குக் கடத்தாமல் தாங்குவது பேரிங். இரண்டு தூண்களுக்கு நடுவில் உள்ள தளத்தைக் கண் என்பார்கள். ஒரு கண்ணுக்கும் அடுத்த கண்ணுக்கும் நடுவில் விட்டிருக்கும் இடைவெளியை மூடுவது எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட். பைக்கில் போகும்போது ‘டக் டக்’ என்று தூக்கிப் போடுமே, அந்த இடம். அது கெட்டுவிட்டால் மழைத்தண்ணீர் நேராகக் கீழே இறங்கிப் பேரிங்கையும் தூணின் தலையையும் நனைக்கும். ஒவ்வொரு லாரியும் அந்த இடத்தில் ஒரு அடி அடித்துவிட்டுப் போகும். இதோடு ஓரத்தில் இருக்கிற வடிகால் குழாய் மண்ணும் குப்பையும் அடைத்துக் கிடந்தால் தளத்தில் தண்ணீர் தேங்கும். கான்கிரீட்டுக்குள் போன ஈரம் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு ஏறிய கம்பி பருத்து, தன்னைச் சுற்றியிருக்கும் காரையை உள்ளேயிருந்து பிளக்கும். கைப்பிடிச் சுவர் விரிசலில் அரசங்கன்று முளைத்திருந்தால் அங்கே ஈரம் குடியேறி வெகு நாளாகிறது என்று பொருள்.

ஒரு ஆள் கடப்பாரையோடு போய் வருஷத்துக்கு இரண்டு முறை குழாய் அடைப்பை எடுத்தால் பாலத்தின் ஆயுள் கூடும். அந்த ஆளுக்குக் கூலி ஒதுக்குவதைவிட மேலே இன்னொரு அடுக்குத் தார் போடுவது நமக்குச் சுலபமாக இருக்கிறது. தார் மேல் தார் ஏற ஏற பாலத்தின் சொந்தச் சுமையும் ஏறுகிறது, ஜாயின்ட்டும் புதைந்துபோகிறது.

இனி 1928இல் கட்டப்பட்ட இரண்டு பாலங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்று திருச்சி கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம். மற்றது மகாராஷ்டிராவில் மகாட் அருகே, மும்பை – கோவா நெடுஞ்சாலையில் சாவித்ரி ஆற்றின் மேல் இருந்த கல் வளைவுப் பாலம். இரண்டு இடத்திலும் பக்கத்திலேயே புதுப் பாலம் வந்துவிட்டது. கொள்ளிடத்தில் 2016இல் புதுப் பாலம் திறந்ததும் பழையதில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். சாவித்ரியில் நிறுத்தவில்லை. ஒரு திசை வண்டிகள் பழைய பாலத்திலேயே ஓடிக்கொண்டிருந்தன. 2016 ஆகஸ்ட் 2ஆம் தேதி இரவு, கொட்டும் மழையில், வெள்ளம் அந்தப் பாலத்தை அடித்துக்கொண்டு போனது. இரண்டு அரசுப் பேருந்துகள் பயணிகளோடு ஆற்றில் விழுந்தன. அதே ஆண்டு மே மாதம் ஆய்வு செய்து, ஆபத்தில்லை என்று சொல்லப்பட்ட பாலம் அது.

இரண்டு வருஷம் கழித்து, 2018 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பிக் கொள்ளிடத்தில் வெள்ளம் பாய்ந்தபோது நம் பழைய பாலத்தின் தூண்களும் சரிந்தன. ஒரு உயிர்கூடப் போகவில்லை. அந்தப் பாலத்தில் வண்டி போகக் கூடாது என்று யாரோ ஒரு கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்தக் கையெழுத்துக்கு யாரும் மாலை போடவில்லை.

பாதிப்பு மேலேயிருந்து மட்டும் வருவதில்லை. கொள்ளிடத்தில் எத்தனை வருஷமாக மணல் அள்ளியிருக்கிறோம்! படுகை இறங்கினால் தூணின் அடித்தளம் வெளியே தெரியத் தொடங்கும். அடுத்த வெள்ளம் அதன் காலைச் சுற்றிப் பறிக்கும். பாலம் சரிந்த சில நாட்களிலேயே, ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய அணை. மதகு போன பிறகுதான் புதுக் கதவணைக்குப் பல நூறு கோடி ஒதுக்க மனம் வந்தது.

குஜராத்தில் மஹி ஆற்றின் மேல் இருந்த கம்பீரா பாலம் கிழவனல்ல, 1985இல் திறந்தது. பாலம் ஆடுகிறது, பார்த்துச் செய்யுங்கள் என்று உள்ளூர்க்காரர்கள் முன்பே புகார் கொடுத்திருந்தார்கள். 2025 ஜூலை 9 காலையில் ஒரு கண் அப்படியே கீழே போனது. இருபது உயிர்களுக்குக் குறையாமல் பறிபோயின. புகார் வந்த அன்றே ஒரு தடுப்புக் கம்பத்தை நட்டிருந்தால் அத்தனை பேரும் அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போயிருப்பார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

ஆய்வு ஒழுங்காக நடந்தால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். போதாது. 1967இல் ஒஹாயோ ஆற்றின் மேல் சில்வர் பாலம் விழுந்து 46 பேர் இறந்த பிறகு, அமெரிக்காவில் நாடு முழுவதுக்கும் பால ஆய்வு விதிகள் வந்தன. பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஆய்வு, ஒவ்வொரு பாகத்துக்கும் மதிப்பெண், யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி பட்டியல். அப்படிப்பட்ட நாட்டில்தான் 2022 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரத்தின் ஃபெர்ன் ஹாலோ பாலம் விழுந்தது. வடிகால் அடைத்து, இரும்புக் கால்கள் துருவில் ஓட்டை விழுந்திருந்தன. சரிசெய்யுங்கள் என்று ஆய்வறிக்கைகள் திரும்பத் திரும்பச் சொல்லியும் நகர நிர்வாகம் செய்யவில்லை. மேலே போட்டிருந்த தாரின் உண்மையான தடிமன்கூடச் சுமைக் கணக்கில் ஏறவில்லை. கணக்கு ஒழுங்காகப் போடப்பட்டிருந்தால் அந்தப் பாலத்தை முன்பே மூடியிருக்க வேண்டும் என்று விபத்தை விசாரித்த மத்திய அமைப்பு சொன்னது. அதிர்ஷ்டவசமாக யாரும் சாகவில்லை.

நம்மிடமும் பாலங்களை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் கொடுத்த வழிகாட்டிக் கையேடு இருக்கிறது. மழைக்கு முன்னும் பின்னும் பார்க்கும் வழக்கமும் இருக்கிறது. பார்த்தவர் எழுதியதைப் படித்து, “நாளையிலிருந்து கனரக வண்டி வேண்டாம்” என்று சொல்கிற துணிச்சல்தான் பஞ்சமாக இருக்கிறது. அது ஏன் என்றும் யோசிக்க வேண்டும். மூடச் சொன்ன பொறியாளருக்கு அடுத்த நாளே வியாபாரிகள் சங்கத்திலிருந்து, பஸ் முதலாளிகளிடமிருந்து, கவுன்சிலரிடமிருந்து போன் வரும். நாமும் போக்குவரத்து நெரிசலைப் படம் பிடித்து, நிர்வாகம் தூங்குகிறது என்று பதிவு போடுவோம். பாலம் நின்றுவிட்டால் அவர் வீணாகப் பயந்தார் என்போம். விழுந்தால்தான் அவர் சொன்னது சரியென்று ஆகும். இப்படி ஒரு நிலையில் எவர் கையெழுத்துப் போடுவார்?

2022 டிசம்பரில் பழைய பாம்பன் ரயில் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். 1914இல் திறந்த பாலம், 1964 புயலில் சிதைந்தும் எழுந்து நின்ற பாலம், நமக்கெல்லாம் அதன் மேல் பாசம் அதிகம். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை ராமேஸ்வரத்துக்கு ரயில் இல்லை. இரண்டு வருஷத்துக்கும் மேல் யாத்திரிகர்கள் மண்டபத்தில் இறங்கி பஸ் பிடித்தார்கள். பெரிய கஷ்டம்தான், ஆனால் தாங்கக்கூடிய கஷ்டம்.

ஒவ்வொரு பாலத்தின் கைப்பிடிச் சுவரிலும், திறந்துவைத்தவர் பெயர் பொறித்த கல்லுக்குப் பக்கத்திலேயே, கடைசியாக ஆய்வு செய்த தேதியையும் தாங்கக்கூடிய எடையையும் எழுதி வைக்க வேண்டும். ஆய்வறிக்கையை நெடுஞ்சாலைத் துறை இணையத்தில் போட வேண்டும். பராமரிப்புக்கு ஒதுக்கும் பணத்தைப் புதுப் பாலத்துக்கு மாற்ற முடியாதபடி தனியே பூட்ட வேண்டும். இந்த மூன்றையும் உங்கள் தொகுதி எம்எல்ஏவிடம் எழுத்தில் கேளுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் உங்கள் ஊர்ப் பாலத்தின் அடியில் ஒருமுறை நடந்து பாருங்கள். கம்பி தெரிகிற இடத்தையும் அடைத்த குழாயையும் படம் எடுத்துக் கோட்டப் பொறியாளருக்கு அனுப்புங்கள். அவர் பாலத்தை மூடினால், சுற்றிப் போங்கள். அவரைத் திட்டுகிற பதிவுக்குக் கீழே போய் அவர் செய்தது சரி என்று எழுதுங்கள்.