மனித உருவ ரோபோ: காலை விடுங்கள், கையைப் பாருங்கள்

மனித உருவ ரோபோ பல்டி அடிக்கிற வீடியோ ஒன்று வந்தால் போதும், "இனி வீட்டு வேலை எல்லாம் இதுதான் செய்யும்" என்று பகிரத் தொடங்கிவிடுகிறோம். தயவுசெய்து பல்டியை வைத்து எதையும் முடிவுகட்டாதீர்கள்.

கால் விஷயத்தில் முன்னேற்றம் நிஜம்தான். 2015-ல் அமெரிக்காவின் போமோனாவில், அந்நாட்டு ராணுவ ஆய்வு அமைப்பான டார்பா நடத்திய ரோபோ போட்டியில் கதவைத் திறக்கப் போய் விழுந்த ரோபோக்கள் உண்டு. 2025 ஏப்ரலில் பெய்ஜிங் அரை மராத்தானை தியன்கோங் அல்ட்ரா என்ற மனித உருவ ரோபோ 2 மணி 40 நிமிடத்தில் முடித்தது. வழியில் 3 முறை பேட்டரி மாற்றினார்கள். கணினிக்குள் ஒரு போலி உலகத்தை அமைத்து, லட்சக்கணக்கான தடவை விழவிட்டுப் பழக்க முடிகிறது. கால் தேறியது அதனால்தான்.

கை அப்படித் தேறவில்லை. 5 கிலோ அரிசிப் பையை 60 செ.மீ. நீட்டிய கையில் பிடித்தால், கையின் எடையைச் சேர்க்காமலேயே தோள் மோட்டார் சுமார் 30 நியூட்டன் மீட்டர் திருப்பு விசையைத் தாங்க வேண்டும். கை அசையாமல் இருந்தாலும் கரண்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கரண்ட் இரண்டு மடங்கானால் மோட்டாரின் கம்பிச் சுருளில் ஏறும் சூடு நான்கு மடங்கு. சூடு எல்லை தாண்டினால் கண்ட்ரோலர் விசையைக் குறைத்துவிடும், பை கீழே இறங்கும். கியர் விகிதத்தைக் கூட்டினால் கரண்ட் குறையும். ஆனால் மூட்டு விறைத்துவிடும், எதிலாவது இடித்தால் அடி முழுதும் கியர் பல்லில் விழும்.

அதைவிடப் பெரிய சிக்கல் தொடு உணர்வு. சாவியைப் பூட்டில் நுழைக்கும்போது விரலே துவாரத்தை மறைத்துக்கொள்ளும், கேமரா பயன்படாது. நழுவுகிறதா, இடிக்கிறதா என்று நமக்குச் சொல்வது விரல் நுனி. சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகளுக்குப் பழக இணையம் முழுக்க எழுத்து கிடைத்தது. தொடுதலுக்கு அப்படி ஒரு கிடங்கு இல்லை. ஆள் ஒருவர் தொலைவிலிருந்து ரோபோவை இயக்கி, ஒரே சட்டையை நூற்றுக்கணக்கான முறை மடித்துத்தான் தரவு சேர்க்க வேண்டியிருக்கிறது. வீடியோ பார்க்கும்போது அது தானாக இயங்குகிறதா, வேகம் கூட்டப்பட்டதா என்று முதலில் கேளுங்கள்.

அடுத்து, நிறுத்துவது. தொழிற்சாலை ரோபோ கையில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் போகும், பிரேக் பிடிக்கும், அப்படியே நிற்கும். இரண்டு காலில் நிற்கும் ரோபோவோ மின்சாரம் போனால் சாயும். சிறிய ரகமான, சீன நிறுவனம் யூனிட்ரீயின் ஜி1 ரோபோகூட 35 கிலோ. பக்கத்தில் தவழும் குழந்தை இருந்தால்?

குழந்தையும் முதியவரும் இருக்கிற வீட்டுக்கு முதலில் வரவேண்டியது சக்கரத்தில் நகரும், நல்ல கை உள்ள இயந்திரம் என்பதே என் உறுதியான கருத்து. போமோனாவில் வென்ற தென்கொரியாவின் ஹூபோவும் சமதரையில் மண்டியிட்டு, முழங்காலில் இருந்த சக்கரத்தில்தான் உருண்டு போனது.