பில்லில் அச்சடித்தால் சட்டமாகிவிடுமா?
வாரண்டி கார்டைப் படித்துவிட்டு ஃபர்னிச்சர் வாங்குங்கள் என்கிறது உங்கள் கட்டுரை. சரிதான். ஆனால் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அது உதவவில்லை. தேக்கு என்று சொல்லித்தான் விற்றார்கள். மூன்றாவது வாரமே கால் பக்கம் ஸ்க்ரூ கழன்று, ஓட்டையிலிருந்து மரத்தூளாகக் கொட்டியது. உள்ளே வெறும் பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளை ஒட்டி அழுத்திய பலகை), மேலே தேக்கு மாதிரி ஒரு ஸ்டிக்கர்! கடைக்காரர் பில்லில் இருந்த 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற வரியைக் காட்டினார். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். திரும்ப எடுப்பதற்குப் பில்லில் கெடு போடாவிட்டால் 30 நாள் கணக்கு. கட்டுரையில் இதை எப்படி விட்டீர்கள்? தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து, புகார் எண்ணைக் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மறுநாளே கட்டிலைத் திரும்ப எடுக்க வண்டி வந்தது. மசியாதிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார்தான். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை.