மீன்பாடும் தேன்நாட்டில் மீனும் இல்லாமல், தேனும் இல்லாமல்

மட்டக்களப்பில் இருந்துகொண்டு, மீனும் முட்டையும் தொடாமல், சோற்றையும் குறைத்துவிட்டேன் என்று சொன்னால் ஊரில் எழும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "அப்படியென்றால் எதைத்தான் சாப்பிடுகிறீர்கள்?" கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வாவி நிறைய மீன், வட்டை நிறைய நெல் என்று கிடக்கும் ஊரில் இரண்டையும் தள்ளிவைப்பவனைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் கேட்கத் தோன்றும். மீன் சமைக்கிற வீட்டில் சீனி வருத்தம் வந்தால் வழி சுலபம். சோற்றை அரைவாசியாக்கி இன்னும் இரண்டு துண்டு மீனை வைத்துவிட்டால் வயிறு நிறைந்துவிடும். சைவக்காரருக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே இந்தப் பதிவு அவர்களுக்கு. மற்றவர்கள் வாசித்துச் சிரித்துவிட்டுப் போகலாம்.

சொல்ல வந்தது இதுதான்: சோற்றைக் குறைப்பது பெரிய வேலையே இல்லை. கறியைக் கூட்டுவதுதான் பெரிய வேலை. கிளினிக்கில் முதலாவதை மட்டும் சொல்லி அனுப்புகிறார்கள். வரிசையைப் பார்த்தால் அவர்களையும் குறை சொல்ல மனம் வரவில்லை. "சோற்றைக் குறையுங்கள்" என்ற ஒற்றை வரியோடு வீட்டுக்கு வருகிறவர், கொஞ்சச் சோற்றோடும் அதே இரண்டு கரண்டிக் கறியோடும் அரைவயிறாக எழும்புகிறார். பின்னேரம் பசி தாங்காமல் தேநீருடன் நாலு பிஸ்கட், ஒரு பணிஸ். அடுத்த மாதம் இரத்தப் பரிசோதனைத் துண்டைப் பார்த்து விதியை நோகிறார்.

நம் கறிகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அவை தனியே உண்பதற்காகச் சமைக்கப்படுபவை அல்ல, சோற்றை உள்ளே தள்ளுவதற்காகச் சமைக்கப்படுபவை. ஒரு பீங்கான் சோற்றுக்கு இரண்டு கரண்டி கத்தரிக்காய்க் கறி போதுமாக இருக்க வேண்டும் என்றால் அதில் உப்பும் உறைப்பும் புளியும் எவ்வளவு ஏறியிருக்க வேண்டும்! அதே கறியை ஒரு கிண்ணம் நிறைய எடுத்துத் தனியே சாப்பிட்டுப் பாருங்கள். மூன்றாவது வாயில் தண்ணீர் தேடுவீர்கள். பிரஷரும் சேர்ந்து இருப்பவர் என்றால் அந்த உப்பே அவருக்கு இன்னொரு வருத்தம். ஆகவே சோற்றைக் குறைக்கிற வீட்டில் கறியின் அளவு மட்டும் கூடினால் போதாது, கறியின் சுபாவமே மாற வேண்டும்.

நான் செய்கிற பயற்றங்காய் வறையைச் சொல்கிறேன். மூன்று பேருக்கு வழக்கமாக ஒரு பிடி பயற்றங்காய் வாங்கினால் இப்போது மூன்று பிடி. பொடியாக அரிந்து, மஞ்சளும் வழமையில் பாதி உப்பும் போட்டு, தண்ணீர் விடாமல் மூடி, அதன் ஈரத்திலேயே அவிய விடுவேன். பச்சை மிளகாய் இரண்டோடு சரி. வேறு சட்டியில் கச்சானை வறுத்து, தோலை ஊதிவிட்டு, உரலில் ஒன்றிரண்டாக இடித்து வைத்துக்கொள்ள வேண்டும். மாவாக்கிவிட்டால் எண்ணெய் விட்டுக் களியாகிவிடும், கவனம். தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் போட்டுப் பிரட்டி, இறக்கும்போது கச்சானைத் தூவினால் பல்லில் கடிபடும். 100 கிராம் கச்சானில் 25 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, மாச்சத்தோ 16 கிராம்தான், அதிலும் பாதி நார். இப்படி ஒரு கிண்ணம் வறையைச் சோறு இல்லாமலே சாப்பிடலாம். முருங்கையிலைக்கும் கோவாவுக்கும் வாழைப்பூவுக்கும் இதே முறைதான்.

புரதத்தை ஏன் இழுக்கிறேன் என்றால், சைவ வீட்டில் சோறு சத்தமில்லாமல் புரதமும் தந்துகொண்டிருக்கிறது. அவித்த வெள்ளைச் சோறு 100 கிராமில் 28 கிராம் மாச்சத்தும் 2.7 கிராம் புரதமும் இருக்கின்றன. பகலும் இரவும் 300 கிராம் வீதம் சோறு சாப்பிடுகிறவருக்கு அதிலிருந்து மட்டும் 16 கிராம் புரதம் கிடைக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 கிராம் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. சோற்றில் பெரும்பங்கை வெட்டுகிறவர் புரதத் தேவையிலும் கால்வாசிக்குக் கிட்டச் சேர்த்து வெட்டிவிடுகிறார். அந்த இடத்தைப் புடலங்காய்ப் பால்கறியால் நிரப்ப முடியாது. கை கால் சோர்வு, தலைமயிர் உதிர்வு என்று இரண்டு மாதத்தில் கைவிடுகிறவர்கள் பலரும் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள் என்பது என் எண்ணம்.

இனி, மாற்று என்ற பெயரில் சமையலறைக்குள் வருகிற வேடதாரிகள். முதல் ஆள் குரக்கன். குரக்கனை நான் பழிக்கவில்லை. நார் உண்டு, கல்சியம் உண்டு, வெள்ளை மாவைவிட எவ்வளவோ மேல். ஆனால் 100 கிராம் குரக்கன் மாவில் 70 கிராம் அளவுக்கு மாச்சத்து இருக்கிறது. "சோறு விட்டுவிட்டேன், இரவில் நாலு குரக்கன் ரொட்டி" என்பவர் சோற்றை விடவில்லை, அரைத்து ரொட்டியாகத் தட்டிக்கொண்டார், அவ்வளவுதான். சிவப்பரிசிக் கதையும் இதேதான்: தவிடு நல்லது, மாச்சத்தின் அளவு கிட்டத்தட்ட அதேதான். ஓட்ஸ், மரவள்ளி, ஈரப்பலா, உருளைக்கிழங்கு எல்லாம் இந்தக் குடும்பம். ஒரே பீங்கானில் சோறும் உருளைக்கிழங்குக் கறியும் மரவள்ளியும் வைத்துவிட்டு "மரக்கறிச் சாப்பாடு, உடம்புக்கு ஒன்றும் செய்யாது" என்று சொல்லும் பெரியம்மாக்கள் என் குடும்பத்திலும் இருக்கிறார்கள்.

பருப்பு வகைதான் சிக்கலான ஆள். அவித்த மைசூர்ப் பருப்பு 100 கிராமில் 20 கிராம் மாச்சத்து, அதில் 8 கிராம் நார், புரதம் 9 கிராம். பயறும் கடலையும் கௌபியும் கொஞ்சம் முன்னே பின்னே. பாதி சோறு, பாதி மீன் என்று இவற்றை நினைத்துக்கொள்ளலாம். நாளுக்கு 50 கிராமுக்குக் கீழே மாச்சத்தை இறக்கச் சொல்கிற கீட்டோக்காரர்கள் இவற்றையும் தள்ளச் சொல்வார்கள். முட்டையும் தொடாத சைவக்காரர் பருப்பையும் தள்ளினால் மிஞ்சுவது கீரையும் தயிரும் கடவுளும்தான். ஆகவே கீட்டோ நமக்குச் சரிவராது. 130 கிராமுக்குக் கீழ் என்றாலே குறைந்த மாச்சத்து என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். அது எட்டக்கூடிய எல்லை. பருப்பை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதைக் கறிக் கணக்கில் எழுதாமல் சோற்றுக் கணக்கில் எழுதுங்கள்.

இது இறைச்சிக்காரர்களின் சாப்பாட்டு முறை, சைவத்துக்கு ஒத்துவராது என்பவர்களுக்கு ஒரு செய்தி. உணவுகள் இரத்தத்தில் சீனியை எவ்வளவு வேகமாக ஏற்றுகின்றன என்று அளக்கும் கிளைசீமிக் சுட்டெண்ணை 1981இல் அறிமுகப்படுத்திய டொரொன்டோவின் டேவிட் ஜென்கின்ஸ், தாவர உணவை மட்டும் கொண்டு நடத்திய ஒரு குறைந்த மாச்சத்துச் சோதனையின் முடிவை 2009இல் வெளியிட்டார். சோயா, கோதுமைப் புரதம், கொட்டைகள், மரக்கறிகளே பெரும்பாலும் சாப்பாடு. நாலு வாரத்தில் எடை குறைந்தது மட்டுமல்ல, கெட்ட கொழுப்பும் மாச்சத்து கூடிய மற்றக் குழுவைவிட நன்றாக இறங்கியது. சிறிய சோதனைதான், குறுகிய காலம்தான். ஆனாலும் முடியும் என்பதற்கு அது போதும்.

சோயா என்றதும் மூக்கைச் சுளிக்காதீர்கள். நம்மூர்ச் சில்லறைக் கடைகளில் தொங்கும் சோயா மீட் பைக்கற்றுகளில், உலர்ந்த எடையில் பாதிக்குக் கிட்டப் புரதம்தான். உள்ளே வரும் சுவைத்தூளைத் தூக்கி எறியுங்கள், அதில் உப்பு அதிகம். கொதிநீரில் ஊறவைத்து, இரண்டு தரம் பிழிந்து, மிளகும் பெருஞ்சீரகமும் போட்டு வறட்டிப் பாருங்கள்.

ஆனால் இந்த மாவட்டத்துச் சைவக்காரருக்குக் கிடைத்த உண்மையான வரம் எருமைத் தயிர். அதை நாம் என்ன செய்கிறோம்? மேலே சீனியைக் கொட்டுகிறோம், அல்லது பாணியை ஊற்றுகிறோம். ஒரு சட்டித் தயிரை வாங்கி, பழைய வேட்டித் துண்டொன்றைக் கழுவிக் கொதிநீரில் போட்டெடுத்து, அதில் கட்டி, அடியில் பாத்திரம் வைத்து இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டிக்குள் தொங்கவிடுங்கள். வெளியே விட்டால் நம் வெக்கைக்கு விடியுமுன் புளித்துவிடும். காலையில் துணியை அவிழ்த்தால் கரண்டி நட்டுவைத்தால் நிற்கிற பதத்தில் இருக்கும். வடிந்த நீரோடு பால்சீனியிலும் ஒரு பங்கு போய்விடுகிறது. அந்த நீரைக் கொட்டாமல் சொதிக்கு விடலாம், புளிப்பு அருமையாக இருக்கும். கட்டித் தயிருக்குள் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மிளகு, அளவான உப்பு, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினால் என் காலைச் சாப்பாடு முடிந்தது. தொட்டுக்கொள்ளக் கெக்கரித் துண்டுகள், பக்கத்தில் அரைக் கிண்ணம் அவித்த பயறு. இடியப்பம் ஒன்றும் ஞாபகத்துக்கு வராது என்று பொய் சொல்லமாட்டேன். வரும். ஆனால் பத்து மணிப் பசி வராது. எருமைப் பாலில் கொழுப்பு அதிகம், கொலஸ்ட்ரோல் மாத்திரை எடுப்பவர்கள் அளவைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவர் என்றதும் இன்னொன்று, இதை மட்டும் வேகமாகத் தாண்டிப் போகாதீர்கள். இன்சுலின் போடுகிறவர்களும் கிளிக்கிளசைட் போன்ற மாத்திரை எடுக்கிறவர்களும் இந்தப் பதிவை வாசித்துவிட்டு நாளைக்கே சோற்றை வெட்டக்கூடாது. சோற்றுக்கென்று கணக்குப் பண்ணிக் கொடுத்த மருந்து, சோறு இல்லாவிட்டாலும் தன் வேலையைச் செய்யும். சீனி அளவுக்கு மீறி இறங்கி, வியர்த்து, மயங்கி விழலாம். டபாகிளிஃப்லோசின், எம்பாகிளிஃப்லோசின் எடுப்பவர்களுக்கு வேறொரு ஆபத்து இருக்கிறது: இரத்தம் அமிலமாகும் நிலை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் புரதத்திலும் வரையறை உண்டு. கிளினிக் புத்தகத்தோடு போய், "சோற்றை இவ்வளவு குறைக்கப் போகிறேன், மருந்தைப் பாருங்கள்" என்று வாய்திறந்து கேளுங்கள். குறிஞ்சாச் சொதி குடிக்கிறேன், மாத்திரை வேண்டாம் என்பவர்களிடம் எனக்கு வாதாடத் தெம்பில்லை. குறிஞ்சா இலையை மென்றால் நாக்குக்குச் சீனி இனிக்காது, அது உண்மை. நாக்கை ஏமாற்றுவதும் இரத்தத்தைச் சீராக்குவதும் ஒன்றல்ல.

நாட்டில் வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவோ அதற்கு முந்திய நிலையோ இருப்பதாக 2005-06இல் எடுத்த பெரிய கணக்கெடுப்பு சொன்னது. போர்க்காலம் என்பதால் வடக்கும் கிழக்கும் அதில் சேர்க்கப்படவில்லை. நம் கணக்கு அந்த எண்ணுக்குள் இல்லை என்பதை மறந்துவிட்டு அந்த எண்ணையே இங்கும் மேடையில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

செலவையும் பேச வேண்டும். சோறுதான் மலிவு, அதனால்தான் அது பீங்கானின் முக்கால்வாசியைப் பிடித்திருக்கிறது. தேங்காய் ஒன்று 200 ரூபாயைத் தாண்டிய நாட்களில் பால்கறியே ஆடம்பரமாகிவிட்டது. மரக்கறி மூன்று மடங்கு என்றால் காசும் கூடும், அரிகிற நேரமும் கூடும். அந்த நேரம் யாருடையது? பெரும்பாலும் வீட்டுப் பெண்களுடையது. சீனி வருத்தம் அவருக்கு, வாழைப்பூ ஆய்வது மனைவி. இந்த முறைக்கு மாற விரும்பும் ஆண்கள் முதலில் அரிவாள்மனைக்கு முன்னால் உட்காரப் பழகுங்கள், பிறகு மற்றதைப் பேசலாம்.

கோயில் சடங்குக் காலத்திலும் கல்யாண வீட்டிலும் நான் சண்டை பிடிப்பதில்லை. "ஒரு கரண்டியாவது போடுகிறேன், மகன்" என்று அகப்பையோடு நிற்கிறவருக்கு மாச்சத்து விளக்கம் கொடுப்பது மரியாதை இல்லை. ஒரு கரண்டி வாங்கிக்கொண்டு கறிகளை இரண்டாம் தரம் கேட்கிறேன். அன்னதானத்தில் இரண்டாம் தரம் கறி கேட்பதை யாரும் தப்பாக நினைப்பதில்லை, பரிமாறுகிறவருக்குச் சந்தோஷம்தான்.

சைவக் கடைகளில்தான் வழியில்லை. இடியப்பம், தோசை, ரொட்டி, ரோல்ஸ், சோற்றுப் பார்சல்: கடை முழுக்க மாவும் அரிசியும். அங்கே உழுந்து வடைதான் இருப்பதற்குள் நல்ல பிள்ளை. நகரில் ஒரு கடையில் "சோறு வேண்டாம், கறிகளை மட்டும் இரண்டு மடங்காகத் தாருங்கள்" என்று கேட்டேன். பரிமாறும் தம்பி முதலாளியைப் பார்த்தார், முதலாளி என்னைப் பார்த்தார். கறிக்குத் தனி விலை போட அவர்களுக்குத் தெரியவில்லை. கடைசியில் இரண்டு சோற்றுப் பார்சலின் காசை வாங்கிக்கொண்டு, சோற்றைச் சட்டியிலேயே விட்டுவிட்டு, கறிகளைக் கட்டித் தந்தார்கள். விலை அநியாயம்தான். இப்போது என்னைக் கண்டால் கேட்காமலே கட்டுகிறார்கள். உங்களில் இன்னும் பத்துப் பேர் போய் இப்படிக் கேட்டால், அந்த முதலாளி விலைப்பலகையில் ஒரு வரி எழுதியே ஆக வேண்டும்.