தாடியைப் பார்த்துக் குத்தும் முத்திரை

தாடி வைத்து, கையில் பச்சை குத்திய பெடியனைக் கண்டாலே ‘வாள்வெட்டுக்காரன்’ என்று முடிவு கட்டிவிடுகிறோம் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருப்பது முழு உண்மை. என் தம்பிக்கு அதுதான் நடந்தது. மேசன் வேலை முடித்து சீமெந்துத் தூசியோடு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையடியில் நின்றவனை ஒரு கடைக்காரர் ‘இதில நிக்காதை’ என்று விரட்டினார், அதே மனிதர் அவன் வெள்ளைச் சேட்டோடு போனால் ‘வாங்கோ தம்பி’ என்கிறார். அன்றைக்கு இரவு அவன் சாப்பிடவே இல்லை.

சரி, உடுப்பு என்றால் மாற்றலாம். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் முதலில் ‘எவடம்?’, அடுத்தது ‘ஆற்றை பிள்ளை?’, சாதியை அறியத்தான் கேட்கிறார்கள் என்று யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் தெரியும். சாதி பார்த்து ஒதுக்குவதைத் தடுக்கும் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது, அப்படியிருந்தும் 1968இல் மாவிட்டபுரம் கோயிலுக்குள் போக ஒடுக்கப்பட்ட சாதிச் சனம் போராட வேண்டியிருந்தது (பள்ளிக்கூடத்தில் இதை எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை). இன்றைக்கும் அதே கேள்விதான், குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள்.

போருக்குப் பிறகு அரசின் புனர்வாழ்வு முடித்து வந்த, இயக்கத்தில் போராளிகளாக இருந்த அக்காமாரை ‘முன்னாள்’ என்ற ஒரு சொல்லால் ஒதுக்கி, வேலை கொடுக்காமல் விடுகிறோமே, அதைப் பற்றியும் தயவுசெய்து எழுதுங்கள்.